கொறங்காடு

கொறங்காடு (கொரங்காடு எனவும் எழுதப்படும்) என்பது தமிழ்நாட்டின் கொங்கு மண்டலத்தில், மழை குறைந்த மேட்டு நிலங்களில் உழவர் குடும்பங்கள் கால்நடை மேய்ச்சலுக்கென வேலியிட்டுப் பேணிவரும் தனியார் மேய்ச்சல் நிலம் ஆகும். கிளுவை உயிர்வேலி, கொழுக்கட்டைப்புல், வெள்வேல மரம் ஆகிய மூன்றும் இதன் அடிப்படைக் கூறுகள். இந்நிலங்களில் காங்கயம் மாடுகள், எருமைகள், செம்மறியாடுகள் ஆகியவை கட்டின்றி மேய்கின்றன. புல், மரம், விலங்கு ஆகிய மூன்றையும் ஒரே நிலத்தில் இணைப்பதால் இது மரப்புல்வெளி வேளாண்மை முறைகளுள் ஒன்றாக வகைப்படுத்தப்படுகிறது. பேண்தகு வேளாண்மைக்கும் விலங்கு நலனுக்கும் எடுத்துக்காட்டாக அண்மைக் காலத்தில் கவனம் பெற்றுள்ள இம்முறை, நிலப் பயன்பாட்டு மாற்றங்களால் சுருங்கி வருகிறது.

அமைவிடமும் தட்பவெப்பமும்

கொறங்காடுகள் திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் காணப்படுகின்றன. காங்கயம், தாராபுரம், வெள்ளக்கோவில், மூலனூர், அரவக்குறிச்சி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பகுதிகளில் இவை மிகுதி.

இப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 600 மி.மீ. ஆகும். இதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பலத்த காற்று வீசுகிறது. ஆனால் மழை குறைவு. மண் பெரும்பாலும் ஆழமற்ற, சரளை கலந்த செம்மண். ஆண்டுதோறும் தானியம் விதைத்து நம்பிக்கையுடன் அறுவடை செய்ய இத்தகைய மண்ணும் மழையும் போதா. ஆனால் வறட்சி தாங்கும் பல்லாண்டுப் புல் இங்கு நிலைத்து வாழும். கொறங்காடு தோன்றியதற்கான அடிப்படைக் காரணம் இதுவே.

ஒரு குடும்பத்தின் பண்ணையத்தில் பொதுவாக மூவகை நிலங்கள் இருக்கும். கிணற்றுப் பாசனமுள்ள தோட்டம், மழையை நம்பிச் சோளம், கம்பு, கொள்ளு விதைக்கும் மானாவாரி நிலம், மேய்ச்சலுக்கான கொறங்காடு என்பன அவை. இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. கொறங்காட்டில் மேயும் விலங்குகளின் எரு தோட்டத்துக்குப் போகிறது. மானாவாரி நிலத்தின் சோளத்தட்டு கோடையில் விலங்குகளுக்குத் தீவனமாகிறது.

அமைப்பு

உயிர்வேலி

கொறங்காட்டின் எல்லையில் முட்கிளுவைக் கழிகளை நெருக்கமாக நட்டு வேலி அமைக்கின்றனர். கிளுவை, கழி ஊன்றினாலே வேர்விட்டுத் துளிர்க்கும் இயல்புடையது. இது கொம்மிபோரா பேரினத்தைச் சேர்ந்தது. சில ஆண்டுகளில் இவ்வேலி ஆடு நுழைய முடியாத முள் அரணாகிறது. அவ்வப்போது கிளைகளை வெட்டி ஒழுங்கு செய்வர். வெட்டிய தழை ஆடுகளுக்கு உணவாகும். கழிகள் வேலியின் இடைவெளிகளை அடைக்கப் பயன்படும்.

வேலியே இம்முறையின் மையம். வேலி உள்ளதால் மேய்ப்பவர் நாள் முழுவதும் விலங்குகளின் பின்னே செல்ல வேண்டியதில்லை. காலையில் படலைத் திறந்து உள்ளே விட்டு, மாலையில் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். விலங்குகளும் விரட்டப்படாமல், தம் விருப்பப்படி மேய்ந்தும், நிழலில் படுத்து அசைபோட்டும் பொழுதைக் கழிக்கின்றன. வேலி காற்றின் வேகத்தைக் குறைத்து மண் அரிப்பையும் தடுக்கிறது.

புல்லும் பயறுவகைச் செடிகளும்

கொழுக்கட்டைப்புல் (அறிவியல் பெயர்: சென்க்ரசு சிலியாரிசு) இந்நிலங்களின் முதன்மைப் புல் ஆகும். ஆழமாக வேரூன்றும் இப்புல் நீண்ட வறட்சியில் காய்ந்து போனாலும், தூர் உயிருடன் இருந்து, ஒரு மழை பெய்ததும் மீண்டும் துளிர்க்கும். இதனுடன் நரிப்பயறு, செப்புநெருஞ்சி முதலிய பயறுவகைச் செடிகளும் மழைக்குப் பின் முளைக்கின்றன. புல் மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் தர, பயறுவகைச் செடிகள் புரதத்தைத் தருகின்றன. அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் நிலைப்படுத்துகின்றன.

புல் அடர்த்தி குறையும்போது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை உழுது சோளமோ கொள்ளோ விதைத்துப் பின்னர் மீண்டும் புல்லுக்கு விடும் வழக்கமும் உண்டு. மண்ணில் உதிர்ந்து கிடக்கும் புல் விதைகள் அடுத்த மழையில் முளைக்கின்றன.

மரங்கள்

வெள்வேல மரம் கொறங்காட்டின் முதன்மை மரம். முன்னர் அக்கேசியா பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இது, இப்போது வாச்செல்லியா பேரினத்தில் வகைப்படுத்தப்படுகிறது. இதன் இலைகள் மிகச் சிறியவை. ஆகவே நிழல் அடர்த்தியாக விழுவதில்லை. மரத்தடியிலும் புல் வளர்கிறது. புல் காய்ந்துபோகும் முன்கோடையில் இதன் காய்கள் முதிர்ந்து உதிர்கின்றன. புரதம் மிக்க இக்காய்களை ஆடுகள் விரும்பித் தின்னும். செரிக்காத விதைகள் புழுக்கையுடன் வெளியேறி மழைக்காலத்தில் முளைப்பதால், ஆடுகளே மரத்தைப் பரப்புகின்றன. உழவர் தேவையான இடத்தில் உள்ள கன்றுகளை விட்டு மற்றவற்றை அகற்றுவர். மரம் வேளாண் கருவிகளுக்கும் விறகுக்கும் உதவுகிறது. வேம்பு, ஊஞ்சல் முதலிய மரங்களும் ஆங்காங்கே காணப்படும்.

நீர்

நிலத்தின் தாழ்ந்த மூலையில் மழைநீர் தேங்கும் குட்டை அல்லது கல்தொட்டி இருக்கும். கோடையில் கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்புவர். நீர் அருகில் இல்லாவிடின் விலங்குகள் நீண்ட தொலைவு நடக்க நேரிடும். மேய்ந்ததன் பயன் நடப்பதிலேயே செலவாகிவிடும்.

கால்நடைகள்

காங்கயம் மாடு

காங்கயம், கொங்கு மண்டலத்துக்குரிய நாட்டு மாட்டினம். கடும் உழைப்புக்கும் வறட்சி தாங்கும் இயல்புக்கும் பெயர் பெற்றது. கன்றுகள் பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறுகின்றன. காளைகளின் திமில், முன்னங்கால், பின்னங்கால் பகுதிகள் கருமை படர்ந்திருக்கும். நிறத்தைக் கொண்டு மயிலை, பிள்ளை, செவலை, காரி எனப் பிரித்து வழங்குவர். 2000 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு மாட்டின அஞ்சல்தலைகளுள் காங்கயமும் ஒன்று.

காங்கயம் பசு ஒரு கறவைக் காலத்தில் சராசரியாக 540 கிலோ அளவே பால் தரும். கலப்பினப் பசுக்களுடன் ஒப்பிட இது மிகக் குறைவு. ஆனால் அடர்தீவனம் இன்றி, புல்லையும் தட்டையும் மட்டும் உண்டு, கன்றை ஈன்று வளர்க்க வல்லது என்பதே அதன் சிறப்பு.

செம்மறியாடுகள்

மேச்சேரி, கோயம்புத்தூர்க் குரும்பை ஆகிய செம்மறியாட்டினங்கள் இப்பகுதியில் வளர்க்கப்படுகின்றன. மயிலம்பாடி எனப்படும் வகையும் உண்டு. மேச்சேரி ஆடு வெளிர் பழுப்பு நிறமும் குட்டையான மயிரும் கொண்டது, கொம்பற்றது. இறைச்சிக்கும் தோலுக்கும் மதிப்பு மிக்கது. இவ்வினத்துக்கெனச் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

மாடும் ஆடும் ஒரே நிலத்தில் மேய்வதற்குக் காரணம் உண்டு. மாடு நாவால் வளைத்து உயரமான புல்லை உண்ணும். செம்மறியாடு குட்டையான புல்லையும் படர்ந்த செடிகளையும் கடித்துத் தின்னும். ஒன்று விட்டதை மற்றொன்று உண்பதால் நிலம் சீராகப் பயன்படுகிறது.

மேய்ச்சல் முறை

சுழற்சி மேய்ச்சல்

பெரிய நிலத்தை வேலியிட்டுச் சிறு காடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில காலம் மேயவிட்டு, பின் அதற்கு ஓய்வு தருவது வழக்கம். புல் கடிபட்டவுடன் வேரில் சேமித்த உணவைக் கொண்டே மீண்டும் துளிர்க்கிறது. புதிய இலைகள் ஒளிச்சேர்க்கையால் அச்சேமிப்பை ஈடுகட்டும் முன்னரே மறுபடியும் கடிபட்டால் வேர் சுருங்கி, நாளடைவில் தூர் மடியும். மேய்ச்சலால் நிலம் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் விலங்குகளின் எண்ணிக்கை மட்டுமன்று; ஓய்வு இல்லாமையும் ஆகும். மழை பெய்தவுடன் துளிர்க்கும் புல்லில் உடனே விலங்குகளை விடாது, சில வாரங்கள் பொறுத்திருப்பதும் இதனாலேயே.

தாங்குதிறன்

ஒரு நிலம் எத்தனை விலங்குகளைத் தாங்கும் என்பதைக் கீழ்க்காணும் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இதில் வரும் விளைச்சல் அளவு விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டது. உண்மை அளவு மண்ணையும் மழையையும் பொறுத்து மாறும்.

* 300 கிலோ எடையுள்ள பசு, உடல் எடையில் 2.5 விழுக்காடு உலர்தீவனம் உண்ணும் எனக் கொண்டால், நாள் ஒன்றுக்கு 7.5 கிலோ தேவை.
* 25 கிலோ எடையுள்ள செம்மறியாடு, 3 விழுக்காடு வீதம், 0.75 கிலோ உண்ணும். அதாவது ஒரு பசுவின் தேவை பத்து ஆடுகளின் தேவைக்குச் சமம்.
* ஒரு பசுவும் பத்து ஆடுகளும் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 15 கிலோ, ஆண்டுக்கு ஏறத்தாழ 5.5 டன் உலர்தீவனம் தேவை.
* ஏக்கருக்கு 1.5 டன் உலர்புல் விளைந்து, அதில் பாதியை மட்டும் மேயவிட்டு மீதியைத் தூர் காக்க விட்டுவைத்தால், நான்கு ஏக்கரில் 3 டன் கிடைக்கும். இது 200 நாட்களுக்குப் போதும்.
* எஞ்சிய 165 நாட்களுக்கு ஏறத்தாழ 2.5 டன் சோளத்தட்டு, வெள்வேலங்காய், தழை ஆகியவற்றால் ஈடுகட்ட வேண்டும்.

மழை பொய்த்து விளைச்சல் பாதியானால், இதே நிலம் 100 நாட்களுக்கே தாங்கும். அப்போது உழவர் முன் மூன்று வழிகளே உள்ளன: தீவனம் வாங்குதல், வேறு காட்டைக் குத்தகைக்கு எடுத்தல், விலங்குகளை விற்றல். கிடாய்க் குட்டிகளை முதலில் விற்று, பெட்டையாடுகளையும் பசுவையும் கடைசிவரை காப்பது வழக்கம். விற்கத் தயங்கி மிச்சப் புல்லையும் மேயவிட்டால், அந்த ஆண்டு விலங்குகள் மெலிவதோடு, அடுத்த ஆண்டின் புல்லும் அழியும்.

ஆண்டுச் சுழற்சி

* ஐப்பசி முதல் மார்கழி வரை: பருவமழையால் புல்லும் பயறுவகைச் செடிகளும் செழிக்கும். விலங்குகள் உடல் தேறும் காலம்.
* தை, மாசி: மானாவாரிச் சோளம் அறுவடையாகித் தட்டுப்போர் வைக்கப்படும். காட்டில் புல் முதிர்ந்து காயும்.
* பங்குனி, சித்திரை: வெள்வேலங்காய் உதிரும். சேமித்த தட்டு கொடுக்கப்படும். சித்திரை, வைகாசியில் கோடை மழை கிடைத்தால் புல் சற்றுத் துளிர்க்கும்.
* ஆனி முதல் புரட்டாசி வரை: காற்றும் வறட்சியும் மிக்க காலம். புரட்டாசி மழையுடன் அடுத்த சுழற்சி தொடங்கும்.

விலங்கு நலன்

பண்ணை விலங்குகளின் நலனை மதிப்பிட, உலகெங்கும் ஐந்து விடுதலைகள் என்ற அளவுகோல் பயன்படுத்தப்படுகிறது. பிரித்தானியாவில் 1964 இல் வெளியான ரூத் ஆரிசன் எழுதிய அனிமல் மெசின்சு என்ற நூல், அடைப்புப் பண்ணைகளின் நிலையை வெளிப்படுத்தியது. அதன் விளைவாக அமைக்கப்பட்ட பிராம்பெல் குழு 1965 இல் அறிக்கை அளித்தது. 1979 இல் அந்நாட்டுப் பண்ணை விலங்கு நல மன்றம் இக்கருத்தை ஐந்து விடுதலைகளாக வகுத்தது. கொறங்காட்டு முறையை அவ்வளவுகோலால் பின்வருமாறு நோக்கலாம்.

* பசி, தாகத்திலிருந்து விடுதலை: நல்ல மழை ஆண்டில் நிறைவேறுகிறது. வறட்சி ஆண்டில் இதுவே மிகப் பெரிய குறை.
* உடல் வசதியின்மையிலிருந்து விடுதலை: மரநிழலும் காற்றோட்டமும் உள்ளன. மழைக்கும் இரவுக் குளிருக்கும் குட்டிகளுக்குக் கூரை தேவை.
* வலி, காயம், நோயிலிருந்து விடுதலை: திறந்தவெளியும் குறைந்த நெரிசலும் தொற்றைக் குறைக்கின்றன. எனினும் தடுப்பூசியும் கண்காணிப்பும் இன்றியமையாதவை.
* இயல்பான நடத்தைக்கான விடுதலை: மேய்தல், நடத்தல், கூட்டமாக இருத்தல், குட்டியைப் பாலூட்டி வளர்த்தல் ஆகியன தடையின்றி நிகழ்கின்றன. இம்முறையின் தனிச்சிறப்பு இதுவே.
* அச்சம், துன்பத்திலிருந்து விடுதலை: பழகிய மனிதரும் பழகிய நிலமும் விலங்குக்கு அமைதி தருகின்றன. நாய்களின் தாக்குதலும் சந்தைக்குக் கொண்டு செல்லும் பயணமும் இதற்கு ஊறு செய்கின்றன.

மரபான முறைகள் அனைத்தும் விலங்குக்கு இதமானவை அல்ல. நசுக்கிக் காயடித்தல், மூக்கணாங்கயிறு இடுதல், நோய்க்குச் சூடு போடுதல் ஆகியவை கடும் வலி தருபவை. காயடிப்பதைக் கால்நடை மருத்துவரைக் கொண்டு, வலி குறைக்கும் மருந்துடன் செய்விக்கலாம். சூடு போடுவதால் நோய் நீங்குவதில்லை.

இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 இல் இயற்றப்பட்டது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த உருக்குமணி தேவி அருண்டேல் இச்சட்டம் உருவாக முன்னின்றார். 1962 இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. கால்நடைகளை வண்டியில் ஏற்றிச் செல்வதற்கான விதிகள் 1978 இல் வகுக்கப்பட்டன. மேய்ச்சல் நிலத்தில் நலமாக வளர்ந்த ஆடு, நெரிசலான வண்டியில் நீரின்றிப் பல மணிநேரம் பயணிக்குமாயின், அதுவரை பேணிய நலம் கடைசி நாளில் இழக்கப்படுகிறது. அருகிலுள்ள சந்தையில் விற்பதும், பயணத்துக்கு முன் நீர் காட்டுவதும், நிற்க இடமளித்து ஏற்றுவதும் இதற்கான எளிய தீர்வுகள்.

நோய்த் தடுப்பு

மேய்ச்சல் விலங்குகளுக்குக் குடற்புழுக்கள் முதன்மையான இடர். புழுவின் முட்டைகள் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியேறி, ஈரமும் வெப்பமும் உள்ள நிலையில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய இளம்புழுக்களாகின்றன. இவை புல்லின் அடிப்பகுதியிலும் பனி ஈரத்திலும் மிகுந்திருக்கும். எனவே பனி உலர்ந்த பின் மேயவிடுதல், புல்லை ஒட்டக் கடிக்க விடாமை, காடு மாற்றி மேய்த்தல் ஆகியவை புழுத்தொற்றைக் குறைக்கும். மருந்தைத் தேவையின்றி அடிக்கடி கொடுத்தால் புழுக்கள் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். சாணத்தைப் பரிசோதித்துத் தேவையான விலங்குகளுக்கு மட்டும், எடைக்கேற்ற அளவில் கொடுப்பதே நன்று.

மழைக்குப் பின் இளம்புல்லை மிகுதியாக உண்ணும் ஆடுகளுக்குத் துள்ளுமாரி நோய் வரக்கூடும்; ஆகையால் மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போடப்படுகிறது. ஆட்டுக்கொல்லி நோய், ஆட்டம்மை, நீலநாக்கு நோய் ஆகியவற்றுக்கும், மாடுகளுக்குக் கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கும் தடுப்பூசிகள் உள்ளன. புதிதாக வாங்கிய ஆட்டை உடனே மந்தையில் சேர்க்காமல் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்ப்பது தொற்றைத் தவிர்க்கும்.

பொருளாதாரமும் உழைப்பும்

கொறங்காட்டுக் குடும்பத்தின் பண வருவாய் பெரும்பாலும் செம்மறிக் குட்டிகள், காளைக் கன்றுகள் ஆகியவற்றின் விற்பனையாலும், எருமைப் பாலாலும் கிடைக்கிறது. செம்மறியாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள் என்பதால் குட்டிகளின் வருவாய் விரைவில் திரும்புகிறது. தீவனச் செலவு குறைவு. இரவில் ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போடுவதால் நிலத்துக்கு நேரடியாக எரு சேர்கிறது. நிலமற்ற குடும்பங்கள் ஆண்டுக் குத்தகைக்குக் காட்டை எடுத்து ஆடு வளர்ப்பதும் உண்டு.

வேலி இருப்பதால் முதியவர்களும் பெண்களும் வீட்டு வேலைகளுக்கிடையே மந்தையைக் கவனிக்க முடிகிறது. இளைஞர்கள் பின்னலாடைத் தொழிலுக்குச் சென்றுவிட்ட ஊர்களிலும் ஆடு வளர்ப்பு நிலைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

எனினும் இம்முறையின் உழைப்பு வரலாறு முழுவதும் குடும்ப உழைப்பால் ஆனதன்று. கடந்த நூற்றாண்டில் ஆடு மேய்க்கும் வேலை, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களைப் பண்ணையத்தில் ஆண்டுக் கூலிக்கு விடும் வழக்கத்தைச் சார்ந்திருந்தது. கொங்கு மண்டலத்தைக் களமாகக் கொண்டு பெருமாள்முருகன் எழுதி 2000 இல் வெளியான கூளமாதாரி என்ற புதினம் அச்சிறுவர்களின் வாழ்வைப் பேசுகிறது. விலங்குக்கு இரங்கும் பண்ணை, அதில் உழைக்கும் மனிதருக்கும் நியாயமாக இருந்தாலன்றி அதனைப் பேண்தகு முறை எனல் பொருந்தாது.

வரலாறு

இப்பகுதியின் மேய்ச்சல் நிலங்களும் காங்கயம் மாடும் இணைந்தே வளர்ந்தவை. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார், தேர்ந்தெடுத்த காளைகளைக் கொண்டு இவ்வினத்தை மேம்படுத்தியவராக அறியப்படுகிறார். 1936 இல் வெளியான தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய லிட்டில்வுட்டின் ஆங்கில நூல் காங்கயம் இனத்தை விரிவாக விவரிக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாட்டின் தேவை குறைந்தது. கவலை இறைத்த இடத்தில் மின்னிறைப்பான் வந்தது. ஏர் உழுத இடத்தில் உழுபொறி வந்தது. பார வண்டிக்கு மாற்றாகச் சரக்குந்து வந்தது. பாலுக்காகச் செர்சி கலப்பினம் பரவியது. இழுவைக்கெனப் பேணப்பட்ட இனம் தன் வேலையை இழந்தபோது, அதை வளர்த்த நிலமும் தன் காரணத்தை இழக்கத் தொடங்கியது. பல கொறங்காடுகளில் மாடு குறைந்து செம்மறியாடு மிகுந்தது.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 சனவரியில் தமிழ்நாடெங்கும் நடந்த போராட்டங்களும், அதைத் தொடர்ந்து இயற்றப்பட்ட மாநிலச் சட்டத் திருத்தமும் நாட்டு மாட்டினங்கள் மீது பரவலான கவனத்தை ஏற்படுத்தின. அத்திருத்தம் செல்லும் என 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அச்சுறுத்தல்கள்

* நிலப் பயன்பாட்டு மாற்றம்: மனைப்பிரிவுகள், ஆலைகள், காற்றாலைகள், சூரிய மின்திட்டங்கள் ஆகியவற்றுக்கு நிலம் விற்கப்படுகிறது.
* பாகப்பிரிவினை: நிலம் துண்டாகும்போது சுழற்சி மேய்ச்சலுக்கு இடமில்லாமல் போகிறது.
* சீமைக்கருவேலம்: பராமரிப்பற்ற காடுகளில் பரவிப் புல்லை அழிக்கிறது.
* வேலி அழிவு: கிளுவை வேலியைப் பராமரிக்க ஆள் இல்லாததால் கம்பி வேலி அதன் இடத்தைப் பிடிக்கிறது. கம்பி வேலி தழையோ காற்றுத் தடுப்போ தருவதில்லை.
* தெருநாய்கள்: பட்டியில் அடைத்த ஆடுகளை நாய்கள் கூட்டமாகத் தாக்கிக் கொல்வது பெருகியுள்ளது. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் காங்கயம், வெள்ளக்கோவில் பகுதி உழவர்கள் இழப்பீடு கோரிப் போராட்டங்கள் நடத்தினர். காவலின்றி மேயவிடலாம் என்ற கொறங்காட்டின் அடிப்படையையே இது பாதிக்கிறது.

விமர்சனங்கள்

அசைபோடும் விலங்குகள் பைங்குடில் வளிமமான மெத்தேனை வெளியிடுகின்றன. புல் மட்டும் உண்டு மெதுவாக வளரும் விலங்குகளில் ஒரு கிலோ இறைச்சிக்கான மெத்தேன் அளவு மிகுதி. பல்லாண்டுப் புல்லும் மரங்களும் மண்ணில் கரிமத்தைச் சேமிக்கின்றன எனினும், அது வெளியீட்டை முழுதும் ஈடுசெய்யும் எனக் கொள்ள முடியாது. ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் சார்ந்த உணவு, காலநிலை ஆய்வு வலையமைப்பு 2017 இல் வெளியிட்ட அறிக்கையும், மேய்ச்சல் நிலக் கரிமச் சேமிப்பு வெளியீட்டின் ஒரு பகுதியையே ஈடுசெய்யும் என்ற முடிவுக்கு வந்தது.

ஆதரிப்போர், வேறு பயிர் எளிதில் விளையாத நிலத்தில், மனிதர் உண்ணாத புல்லைக் கொண்டு உணவும் எருவும் பெறப்படுவதையும், உழப்படாத நிலத்தில் மயில், கவுதாரி, காடை, முயல், கீரி முதலிய உயிர்கள் வாழ்வதையும் சுட்டுகின்றனர். ஆயினும் இம்முறையால் பெருநகரங்களின் இறைச்சித் தேவையை நிறைவுசெய்ய இயலாது. எண்ணிக்கையைப் பெருக்கினால் நிலம் தாங்காது என்பது மேற்கண்ட கணக்கிலிருந்தே விளங்கும்.

இம்முறையை வேறு நாடுகளுக்கு அப்படியே கொண்டு செல்வதும் இடர் தரும். இங்கு உயிர்காக்கும் கொழுக்கட்டைப்புல், ஆசுத்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் காட்டுத்தீயைப் பெருக்கும் அயல் ஆக்கிரமிப்புப் புல்லாகக் கருதப்படுகிறது.

பாதுகாப்பு முயற்சிகள்

மதுரையைச் சேர்ந்த சேவா என்ற தன்னார்வ அமைப்பு கொறங்காட்டு முறையை ஆவணப்படுத்தியுள்ளது. ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண்மை அமைப்பின் உலக வேளாண் மரபுரிமைத் திட்டத்திலும் இது ஒரு முன்மொழிவாக இடம்பெற்றது. காங்கயத்தை அடுத்த குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இனப் பாதுகாப்பில் ஈடுபட்டு வருகிறது. பழையகோட்டையில் கூடும் காங்கயம் மாட்டுச் சந்தையும், கண்ணபுரம் மாரியம்மன் கோயில் விழாவை ஒட்டிய மாட்டுச் சந்தையும், ஆடி மாதத்தில் அந்தியூரில் கூடும் குருநாதசாமி கோயில் சந்தையும் நாட்டு மாடுகளை வாங்கவும் விற்கவும் களமாக உள்ளன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரி மேய்ச்சலுக்கெனக் கோ 1 நீலக் கொழுக்கட்டைப்புல் வகையை வெளியிட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

* காங்கயம் மாடு
* மேச்சேரி ஆடு
* கொழுக்கட்டைப்புல்
* வெள்வேல்
* சீமைக்கருவேலம்
* பேண்தகு வேளாண்மை
* விலங்கு நலன்

பகுப்புகள்: கால்நடை வளர்ப்பு | தமிழர் வேளாண்மை | கொங்கு நாடு | மேய்ச்சல் நிலங்கள்